'ஷ்ரூட்'னு சொன்னா பாராட்டா, திட்டா? மூஞ்சூறுகிட்டேருந்து வந்த ஒரு சொல்லு

மக்களே, உன் கேள்விய ரெண்டு தடவ வாசிச்சேன். கருங்கல் பக்கம் ஊரு, திருவனந்தபுரத்துல ஒரு கம்பெனியில பர்ச்சேஸ்ல வேல, போன வாரம் ஒரு சப்ளையர்கிட்ட வெல பேசி முடிச்சதுக்கு மேனேஜர் எல்லாருக்கும் போட்ட மெயில்ல உன்னை 'ஷ்ரூட் (shrewd) நெகோஷியேட்டர்'னு எழுதிட்டாரு, போன்ல டிக்ஷனரிய தட்டுனா 'தந்திரமான, சூழ்ச்சியுள்ள'ன்னு வருது, ராத்திரி தூக்கம் வரல, இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம், எங்கேருந்து வந்ததுன்னு கேட்டிருக்க. நீ எழுதினது சொல்லுக்கு அர்த்தம் கேட்டுதான். ஆனா உள்ள கெடக்குறது வேற கேள்வி, 'நாலு பேரு முன்னால என்னை நேர்மையில்லாதவள்னு சொல்லிட்டாரோ'ங்கிறது. அதுக்கு முதல்ல பதில் சொல்லிடுதேன்: இல்ல. அது பாராட்டு, நல்ல பாராட்டு. நிம்மதியா தூங்கு. மீதிய பொறவு பொறுமையா வாசி.

நான் நாகர்கோவில்ல முப்பது வருசத்துக்கு மேல இங்கிலீஷ் பாடம் எடுத்தவன், அதுலயும் இங்கிலீஷ் சொற்களோட வரலாறுதான் என் பங்குக்கு வந்த பேப்பர், அதனால இந்தச் சொல்லு எனக்கு ரொம்ப நாள் பழக்கம். உன் மேனேஜர் மனசுல என்ன இருந்ததுன்னு என்னால சொல்ல முடியாது. சொல்லப் பத்தி மட்டும் சொல்லலாம்.

இன்னிக்கு இங்கிலீஷ் பேசுறவங்க ஒருத்தர ஷ்ரூட்னு சொன்னா, நெலமைய சரியா எடை போடுறவர், எதிர்ல இருக்கிற ஆளு என்ன நெனைக்கிறான்னு மொகத்தப் பாத்தே கணிக்கிறவர், அந்தக் கணிப்ப வச்சு தன் காரியத்த நடத்திக்கத் தெரிஞ்சவர்னு அர்த்தம். வெறும் புத்திசாலிக்கு இந்தச் சொல்ல சொல்ல மாட்டாவ. கணக்குல நூத்துக்கு நூறு வாங்குற பையன் கிளவர், பிரில்லியன்ட், அவன ஷ்ரூட்னு யாரும் சொல்ல மாட்டாங்க. ஆனா தோவாளை பூச்சந்தையில ஓணத்துக்கு முந்தின வாரம் கேரளாக்காரங்க வண்டி எத்தன வந்திருக்குன்னு ஒரு சுத்து பாத்துட்டு, இன்னிக்கு வெல எங்க போயி நிக்கும்னு சொல்லுற வியாபாரி இருக்காருல்ல, அவருதான் ஷ்ரூட். படிப்பு இருக்கணும்னு அவசியமில்ல, கண்ணு இருக்கணும். ஷ்ரூட் இன்வெஸ்டர், ஷ்ரூட் மூவ், ஷ்ரூட் கெஸ்னு இந்தச் சொல்லு யார் யாரோட சேந்து வருதுன்னு பாத்தாலே தெரியும், வியாபாரம், அரசியல், ஆளக் கணிக்கிறது, இந்த மூணு எடத்துலதான் அது அதிகம் பொழங்குது. நம்ம மாவட்டத்து வரலாறுலயே ஒண்ணு சொல்லணும்னா, 1741ல குளச்சல்ல டச்சுக்காரங்கள தோக்கடிச்ச மார்த்தாண்ட வர்மா, பிடிபட்ட டி லனாய்ங்கிற அதிகாரிய வெட்டிப் போடாம, அவரையே வச்சு தன் படைக்கு பயிற்சி குடுக்கச் சொன்னாரு பாத்தியா, அந்த டி லனாய் கல்லறை இன்னிக்கும் உதயகிரி கோட்டைக்குள்ள இருக்கு, அந்த முடிவுக்கு இங்கிலீஷ்ல எழுதுறவங்க கண்ண மூடிட்டு போடுற சொல்லு ஷ்ரூட்தான்.

நீ செஞ்சதும் அதேதானே. சப்ளையர் மாசக் கடைசிக்குள்ள ஸ்டாக்க தள்ளியாகணும்ங்கிற அவசரத்துல இருக்கான்னு அவன் பேச்சுலேருந்தே பிடிச்சு, மூணு நாளு பதில் போடாம இருந்து, அவனே வெலய கொறச்சுட்டு வரும்படி வச்சேன்னு எழுதியிருக்க. பொய் சொல்லல, மெரட்டல, அவன் அவசரத்தக் கவனிச்ச, அவ்வளவுதான். பொய்யான போட்டிக் கொட்டேஷன் ஒண்ண காட்டி வெலய கொறச்சிருந்தா 'கன்னிங்'னு எழுதியிருப்பாரு, அப்ப நீ வருத்தப்படலாம். கன்னிங் வேற, ஷ்ரூட் வேற. கன்னிங்ல ஏமாத்து இருக்கு, ஷ்ரூட்ல கணிப்பு இருக்கு.

நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு நல்லா வெளங்குற மாதிரி ஒரு எடத்தக் காட்டுதேன். மத்தேயு 10ஆம் அதிகாரத்துல இயேசு சீஷர்கள அனுப்பும்போது சொல்லுறாருல்ல, 'சர்ப்பங்களைப்போல வினாவுள்ளவர்களும் புறாக்களைப்போலக் கபடற்றவர்களுமாய் இருங்கள்'னு, சர்ச்சுக்குப் போறவங்க போகாதவங்க எல்லாருமே எங்கயாவது கேட்டிருப்போம். அந்த 'வினாவுள்ள'ங்கிற எடத்துல, 1970கள்ல வந்த நியூ இன்டர்நேஷனல் வெர்ஷன் இங்கிலீஷ் பைபிள்ல இருக்கிறது ஷ்ரூட்ங்கிற சொல்லுதான். சீஷர்கள பாத்து 'இருங்க'ன்னு சொல்லுற எடத்துல திட்டுச் சொல்ல யாராவது போடுவாங்களா. ஆனா 1611ல வந்த கிங் ஜேம்ஸ் பைபிள்ல அதே எடத்துல 'வைஸ்'னு இருக்கு. அன்னிக்கு ஷ்ரூட்னு போட்டிருந்தா வாசிக்கிறவங்க மொகம் சுளிச்சிருப்பாங்கங்கிறது என் யூகம், யூகம்தான், ஆனா காரணம் இருக்கிற யூகம். ஏன்னா அந்தச் சொல்லு அன்னிக்கு வேற மாதிரி இருந்துது.

இப்ப பொறப்புக்கு வருவோம். ஷ்ரூட்ங்கிற சொல்லு 'ஷ்ரூ' (shrew)ங்கிற சொல்லுலேருந்து வந்தது, இதுல சந்தேகமே கெடையாது. ஷ்ரூன்னா என்ன தெரியுமா, மூஞ்சூறு. நீண்ட மூக்கும், துளிக்கண்ணும், கீச்கீச்சுன்னு சத்தமும், ஒரு மாதிரி வீச்சமும், ராத்திரி சொவரு ஓரமா ஓடுமே, பூனை பிடிச்சாலும் நாத்தத்துக்கு திங்காம போட்டுட்டுப் போயிடுமே, அதே குடும்பம்தான். எலி மாதிரி இருக்கும், எலி கெடையாது, பூச்சி தின்னுற வேற இனம். பழைய இங்கிலீஷ்ல அத ஸ்க்ரேயவான்னு சொல்லியிருக்காவ. பொறவு 13ஆம் நூற்றாண்டுல ஷ்ரூன்னா கெட்ட மனுசன், கேடு செய்யுறவன்னு ஒரு அர்த்தம் எழுத்துல வருது. கவனி, மனுசன், ஆணும் உண்டு பெண்ணும் உண்டு. சண்டைக்காரப் பொம்பளை, அடங்காப்பிடாரின்னு பெண்கள் தலையில மட்டும் அத கட்டி வச்சது அதுக்கப்புறம்தான். 1300 வாக்குல அந்தப் பேர்ச்சொல்லோட கடைசியில 'எட்'டுன்னு ஒரு வால ஒட்டி ஷ்ரூடுன்னு ஆக்கிட்டாங்க, அர்த்தம் 'தீய, கெட்ட'. இப்படி வால் ஒட்டுறது இங்கிலீஷ்ல வழக்கம்தான், நாயிலேருந்து 'டாக்கெட்'டுன்னு விடாப்பிடிக்காரனுக்கு ஒரு சொல்லு வந்தது, நண்டுலேருந்து 'க்ராபெட்'டுன்னு கடுகடுப்புக்காரனுக்கு ஒண்ணு வந்தது. நாய், நண்டு வரிசையில மூஞ்சூறும் போயி உக்காந்துகிட்டு.

சந்தேகம் எங்க இருக்குன்னா, மிருகத்துலேருந்துதான் கெட்ட மனுசன்ங்கிற அர்த்தம் வந்துதாங்கிறதுல. பரம்பரையா சொல்லுறது ஆமான்னுதான். ஐரோப்பா முழுக்க மூஞ்சூறு கடிச்சா விஷம்னு ஒரு பயம் இருந்திருக்கு, லத்தீன்ல அதுக்கு பேரே 'முஸ் அரானியஸ்', அதாவது சிலந்தி எலி, சிலந்தி மாதிரி விஷமுள்ளதாம். இங்கிலாந்து கிராமங்கள்ல மாடு மேல மூஞ்சூறு ஓடுனா மாட்டுக்கு கால் வெளங்காம போயிடும்னு நம்பி, ஒரு ஆஷ் மரத்துல துளை போட்டு அதுக்குள்ள மூஞ்சூற உயிரோட அடைச்சு மூடி, அந்த மரத்துக் கம்ப வச்சு மாட்டத் தடவுவாங்களாம், கில்பர்ட் வைட்ங்கிற பாதிரியார் 1789ல வந்த தன்னோட புத்தகத்துல இத எழுதியிருக்காரு. அப்படிப்பட்ட பிராணி பேர கேடு செய்யுற மனுசனுக்கு வச்சது இயல்புதானே. ஆனா இன்னொரு கட்சியும் உண்டு, பழைய ஜெர்மன்ல பிசாசுக்கு இதே மாதிரி ஒலிக்கிற ஒரு சொல்லு இருக்கு, மனுசனுக்கான ஷ்ரூ அந்தச் சொல்லோட உறவா இருக்கலாம்ங்கிறது அவங்க வாதம். மிருகம்ங்கிற அர்த்தத்துல நடுவுல சில நூற்றாண்டுக்கு எழுத்துச் சான்று ரொம்ப கொறவா இருக்கிறதால ரெண்டு கட்சியும் இன்னும் நிக்குது. நான் முதல் கட்சிப் பக்கம்தான் சாயுவேன், காரணத்த சொல்லுதேன்.

நம்ம மாவட்டத்துல விளவங்கோடு, கல்குளம் பக்கம் மலையாளம் கலந்த பேச்சு உண்டே, 1956 வரைக்கும் திருவிதாங்கூர், பொறவு திருவிதாங்கூர்-கொச்சின்னு அந்தப் பக்கத்தோட இருந்த ஊருதானே. மலையாளத்துல மூஞ்சூறுக்கு என்ன பேரு? நச்செலி. பிரிச்சுப் பாத்தா நச்சு எலி, விஷ எலின்னுதான் காது கேக்குது. லத்தீன்காரன் சிலந்தி எலின்னு சொன்னதுக்கும் இங்க நச்செலின்னு சொன்னதுக்கும் ஒருத்தரப் பாத்து ஒருத்தர் எழுதிக்கிட்ட சம்பந்தம் ஒண்ணும் கெடையாது, ஆனா அந்தச் சின்னப் பிராணியப் பாத்து ரெண்டு எடத்துலயும் ஒரே பயம் வந்திருக்கு. வேடிக்கையான விஷயம், அந்தப் பயத்துல பாதி நெசம், வட அமெரிக்காவுல இருக்கிற ஒரு வகை மூஞ்சூறுக்கும் ஐரோப்பாவுல தண்ணிக்கரையில இருக்கிற ஒரு வகைக்கும் எச்சில்லயே விஷம் உண்டு, அத வச்சுத்தான் எரய மயக்கிப் பிடிக்குது. நம்ம வீட்டு மூஞ்சூறப் பாத்து அப்படிப் பயப்பட வேண்டாம், அது கரப்பான தின்னுட்டு அது பாட்டுக்குப் போயிடும். தமிழ்ல பாத்தா நாம மூஞ்சூற கொடியதா நெனச்சதே கெடையாது, பிள்ளையாருக்கு வாகனமா குடுத்து வச்சிருக்கோம், அதோட 'தான் போக வழியக் காணாத மூஞ்சூறு வெளக்குமாத்தத் தூக்கிட்டுப் போச்சாம்'னு பழமொழியும் வச்சிருக்கோம். அதாவது நம்ம மூஞ்சூறுக்கு சாமர்த்தியமே பத்தாது. அங்க அதே மூஞ்சூறு பேருலேருந்து சாமர்த்தியசாலிக்கு ஒரு சொல்லு. ரெண்டு பாஷையையும் பக்கத்துல வச்சு வாசிக்கிறப்ப இந்த மாதிரி எடத்துலதான் எனக்கு மனசு நெறையும்.

ஷேக்ஸ்பியர் காலத்துலயும் ஷ்ரூட் கெட்ட சொல்லுதான். வெனிஸ் வணிகன் நாடகத்துல ஒரு லெட்டர வாசிச்சதும் பஸானியோ மொகம் வெளிறிப் போகுது, அதப் பாத்த போர்ஷியா அந்தத் தாளுல ஏதோ 'ஷ்ரூட்' சங்கதி இருக்குன்னு சொல்லுவா, அதாவது கெட்ட சேதி. இன்னிக்கு அர்த்தத்த வச்சு வாசிச்சா அந்த வரி வெளங்கவே வெளங்காது.

அப்ப கெட்டது எப்படி நல்லதாச்சு? 16ஆம் நூற்றாண்டு தொடக்கத்துலயே 'தந்திரசாலி'ங்கிற அர்த்தம் பக்கத்துல வந்து நின்னாச்சு. அதோட கூடவே இன்னொரு பொழக்கம், பலமா விழுந்த அடிய ஷ்ரூட் அடின்னும் ஊசியா குத்துற குளிர்காத்த ஷ்ரூட் காத்துன்னும் சொல்லியிருக்காங்க. தீமைங்கிறது கடுமையாகி, கடுமை கூர்மையாகி, பொறவு அந்தக் கூர்மை அடியிலேருந்தும் காத்துலேருந்தும் புத்திக்கு ஏறிடிச்சு. கொஞ்சம் கொஞ்சமா ஏமாத்துங்கிற பகுதி உதுந்து போயி கூர்மை மட்டும் மிஞ்சிச்சு. இது எப்பிடி நடக்கும்னு ஒனக்கு ஆச்சரியமா இருந்தா உங்க வீட்டு ஆச்சிகிட்ட போயி கேளு. 'பொல்லாத'ன்னா என்ன? தீய, கெட்ட. ஆனா மூணு வயசுக் கொழந்த மிட்டாய ஒளிச்சு வச்ச எடத்தக் கண்டுபிடிச்சா 'பொல்லாத பயலா இருக்கானே'ன்னு ஆச்சி சொல்லும்போது அவங்க மொகத்துல என்ன இருக்கு? பெருமைதானே. 'அவ பொல்லாத ஆளு, அவகிட்ட எவனும் ஏமாத்த முடியாது'ன்னு சொன்னா அதுல பாதி பயம், பாதி மரியாதை. சரியா அந்த எடத்துலதான் ஷ்ரூட் ரொம்ப காலம் நின்னுது, பொறவு அந்தப் பாதி பயத்தையும் கழிச்சுட்டு இந்தப் பக்கம் வந்துட்டுது. இப்ப பிள்ளைங்க 'வெறித்தனம்'ங்கிற சொல்ல பாராட்டா சொல்லுதுகளே, அதுவும் இதே பாதைதான்.

தமிழ்ல இதுக்கு நேர் எதிர்த்திசையில போன ஒரு சொல்லுதான் ஒன்னைத் தூங்க விடாம பண்ணுனது. சூழ்ச்சி. இன்னிக்கு சூழ்ச்சின்னா சதி. ஆனா குறள் 671ல 'சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்'னு வள்ளுவர் சொல்லும்போது அது சுத்தமான நல்ல சொல்லு, நாலு பக்கமும் யோசிச்சு ஆலோசன பண்ணுறதுன்னு அர்த்தம். ஆலோசனையோட முடிவு துணிஞ்சு இறங்குறது, துணிஞ்ச பொறவு தாமசம் பண்ணுனா அது தீதுன்னு அந்தக் குறள் போகும். ஆக ரெண்டு சொல்லும் ஏணியில எதிரெதிரா ஏறி எறங்கியிருக்கு, ஷ்ரூட் கீழேருந்து மேல வந்துது, சூழ்ச்சி மேலேருந்து கீழ போச்சு. எறங்குன இங்கிலீஷ் சொல்லும் உண்டு, மேல சொன்ன கன்னிங். அது 'அறியுறது'ங்கிற வேருலேருந்து வந்த நல்ல சொல்லு, கிங் ஜேம்ஸ் பைபிள்ல சவுல் ராஜாவுக்கு சுரமண்டலம் வாசிக்க ஆள் தேடும்போது கன்னிங்கான ஆள் வேணும்னு இருக்கும், தமிழ் வேதாகமத்துல அதே எடத்துல 'தேறின ஒருவனை'ன்னு அழகா இருக்கும். தாவீது கன்னிங்னா தாவீது தேர்ந்த கலைஞன்னு அர்த்தம். இன்னிக்கு யாரையாவது அப்படிச் சொல்லிப் பாரு.

போன்ல வர்ற டிக்ஷனரி ஏன் ஒனக்கு 'சூழ்ச்சியுள்ள'ன்னு காட்டுதுன்னா, அந்த மாதிரி ஆப்புங்க பலதும் பழைய இங்கிலீஷ் தமிழ் அகராதிகளோட அர்த்தங்கள அப்படியே அள்ளிப் போட்டதுன்னு எனக்குத் தோணும். பெரிய ஆக்ஸ்ஃபோர்டு அகராதி, 1884ல தொடங்கி 1928ல முடிஞ்சது, அதுலயும் ஒரு சொல்லோட மூத்த அர்த்தம்தான் முதல்ல வரும், இன்னிக்கு அர்த்தம் கீழ எங்கயோ இருக்கும். வரலாறு சொல்ல அதுதான் சரி. ஆனா அவசரத்துல முதல் வரிய மட்டும் வாசிக்கிறவங்கள அது அறுநூறு எழுநூறு வருசம் பின்னால கொண்டு விட்டுரும்.

இதுல எனக்கும் ஒரு வருத்தம் உண்டு. வேலைக்குச் சேந்த புதுசுல ஒரு மொழிபெயர்ப்புத் தேர்வுல ஒரு பையன் ஷ்ரூட்ட 'பொல்லாத'ன்னு எழுதியிருந்தான், நான் செவப்பு மையில அடிச்சு மார்க்க கொறச்சுட்டேன். அவன் கேட்டுப் பாத்தான், வீட்டுல அம்மாவ எல்லாரும் அப்படித்தான் சார் சொல்லுவாங்க, நல்லதாத்தான் சொல்லுவாங்கன்னு. நான் கேக்கல. பின்னால இந்தச் சொல்லோட வரலாற ஒழுங்கா படிச்சப்பதான் தெரிஞ்சுது, அந்த வகுப்புல அந்தச் சொல்லுக்கு உயிரான தமிழ் எழுதுனவன் அவன் ஒருத்தன்தான்னு. அவன் எந்த ஊருல இருக்கானோ, அந்த மார்க்கு இன்னும் என் கடன்தான்.

தமிழ்ல என்ன சொல்லலாம்னு கேட்டா, எழுத்துக்கு 'மதிநுட்பமுள்ள' நல்லாருக்கும், அதுவும் வள்ளுவர் சொல்லு, அமைச்சு அதிகாரத்துல 'மதிநுட்பம் நூலோடு உடையார்க்கு'ன்னு வரும், பிறவி நுட்பத்தோட படிப்பும் சேந்தவங்கள பத்தி. ஆனா அது கொஞ்சம் ஒசரத்துல நிக்குற சொல்லு, ஷ்ரூட்ல இருக்கிற சந்தை வாசம் அதுல கெடையாது. பேச்சுல 'வெவரமான ஆளு'ன்னு சொல்லுறதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச மொழிபெயர்ப்பு. வயசான ஆளா இருந்தா 'பழம் தின்னு கொட்ட போட்டவரு'. கெட்டிக்காரின்னு சொன்னாலும் தப்பில்ல, ஆனா கெட்டிக்காரி எதுலயும் கெட்டிக்காரியா இருக்கலாம், வெவரமானவ ஆள் வெவரம் தெரிஞ்சவ.

ஒரே ஒரு விஷயம் மனசுல வச்சுக்கோ. ஷ்ரூட்ங்கிற சொல்லு உன் கண்ணப் பாராட்டும், உன் மனச பத்தி வாயே தொறக்காது. லூக்கா 16ல அந்த அநீதியுள்ள உக்கிராணக்காரன் கதை உண்டே, வேல போகப்போகுதுன்னு தெரிஞ்சதும் எஜமானுக்குக் கடன்பட்டவங்கள கூப்பிட்டு நூறு குடம் எண்ணெய ஐம்பதுன்னும், நூறு கலம் கோதுமைய எண்பதுன்னும் மாத்தி எழுத வச்சவன், அவன் 'புத்தியாய்ச் செய்தான்'னு எஜமான் மெச்சுனதா வரும், நான் சொன்ன புது இங்கிலீஷ் பைபிள்ல அங்கயும் ஷ்ரூட்தான். அநீதிக்காரன்தான், ஆனா கணிப்பு சரி. அதனாலதான் சுருக்கமா 'அந்தாளு ஷ்ரூட்'னு மட்டும் சொல்லி நிறுத்துனா சில நேரம் கொஞ்சம் எட்டி நின்னு பாக்குற தொனி கேக்கும், கூட அளவுக்கு மீறினங்கிற அர்த்தத்துல 'டூ'ன்னு சேத்து 'டூ ஷ்ரூட்'னு சொன்னா கண்டிப்பா கேக்கும். ஆனா உனக்கு எழுதுனது நெகோஷியேட்டரோட சேத்து, அதுவும் டீம் முழுக்க பாக்குற நன்றி மெயில்ல. அந்த எடத்துல வேற தொனிக்கு வழியே கெடையாது. 'ஷ்ரூயிஷ்'னு எழுதியிருந்தா அது வேற கதை, அது அடங்காப்பிடாரிங்கிற அர்த்தத்துலயே இன்னும் நிக்குற அக்கா சொல்லு, பெண்கள வாயடைக்க எடுக்குற சொல்லு, அத யாராவது எழுதுனா நீ நேரா போயி கேக்கணும்.

சொல்லும்போது ஒரே மூச்சுல ஷ்ரூட், கடைசி எழுத்த அழுத்தாம மெதுவா விடு, ஷ்ரீவ்டுன்னு எழுத்துக் கூட்டி வாசிச்சுராத, அப்படி வாசிக்கிறவங்க நம்ம பக்கம் நெறைய. மேனேஜருக்கு ஒரு வரி தேங்க்யூ போட்டுரு, அர்த்தம் கேட்டு மெயில் போட வேண்டாம். ரெஸ்யூமுல மட்டும் 'நான் ஷ்ரூட்'னு நீயே எழுதாத, அது நாலு பேரு நம்மளப் பத்திச் சொல்ல வேண்டிய சொல்லு. அந்த மெயில பத்திரமா எடுத்து வச்சுக்கோ, அடுத்த எடத்துல ரெஃபரென்ஸ் கேக்கும்போது உன் மேனேஜர் வாயாலயே வரட்டும்.